கூடம் கோணலா, ஆடியவர் பிழையா? இராணுவ ஹெலிகொப்டர் விபத்துகளும் பொறுப்புக்கூறலும்

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தமது இயலாமையை மறைப்பதற்காகக் கருவியின் மீது பழி போடுபவரை எள்ளி நகையாட அது பயன்படுத்தப்படுகின்றது. ஆனால், கூடம் உண்மையாகவே கோணலாக இருந்து, அதைக் கட்டியவர்களும் பராமரித்தவர்களும் ஆடியவர் மீதே பழியைச் சுமத்தினால் அதனை என்னவென்பது? அதிலும், ஆடியவர் உயிருடன் இல்லாமல், தமது தரப்பு நியாயத்தை எடுத்துக்கூற முடியாத நிலையில் அப்பழி சுமத்தப்படுமாயின் அதனை நீதி என்று ஏற்றுக்கொள்ள முடியுமா? இராணுவ ஹெலிகொப்டர்கள் விபத்துக்குள்ளாகும் போதெல்லாம் உலகின் பல நாடுகளிலும் எழுகின்ற கேள்வி இதுவாகும்.

இக்கேள்வி இலங்கைக்கும் அந்நியமானதல்ல. 2025ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் திகதி மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் விமானப்படையின் பெல் 212 ரக ஹெலிகொப்டர் வீழ்ந்ததில் படையினர் அறுவர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி, டித்வா சூறாவளியினால் பாதிக்கப்பட்ட மக்களுக்கான நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த மற்றுமொரு பெல் 212 ஹெலிகொப்டர் லுணுவில பகுதியில் வீழ்ந்ததில் அதன் விமானி உயிரிழந்தார். இவ்விபத்துகளுக்கான காரணம் இன்னதென்று ஊகிப்பது இங்கு நமது நோக்கமன்று. அத்தகைய காரணத்தை யார் ஆராய வேண்டும், கண்டறிந்ததை யாருக்குக் கூற வேண்டும் என்பதே நாம் கவனம் செலுத்த வேண்டிய விடயமாகும். இதில் ஏனைய நாடுகளின் அனுபவம், குறிப்பாகப் பிரித்தானியாவின் கசப்பான அனுபவம், நமக்குப் பல பாடங்களைக் கற்றுத்தரக்கூடியது.

1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் திகதி மாலை, பிரித்தானிய விமானப்படைக்குச் சொந்தமான இசட்.டி. 576 என்ற இலக்கமுடைய சினூக் ஹெலிகொப்டர், வட அயர்லாந்தின் ஓல்டர்குரோவ் தளத்திலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்கு அருகிலுள்ள ஜோர்ஜ் கோட்டையை நோக்கிப் புறப்பட்டது. அதில் பயணித்த 25 பேரும் வட அயர்லாந்து விவகாரத்தைக் கையாண்ட புலனாய்வுத்துறை, பொலிஸ் மற்றும் இராணுவ அதிகாரிகள் ஆவர். மேகமூட்டம் கவிந்திருந்த மல் ஒஃப் கின்டையர் மலைச்சரிவில் அது மோதியது. பயணிகள் 25 பேரும் பணியாளர்கள் நால்வருமாக 29 பேரும் உயிரிழந்தனர். அந்த ஹெலிகொப்டரில் விமானிகளின் உரையாடலைப் பதியும் கருவியோ பறப்புத் தரவுகளைப் பதியும் கருவியோ பொருத்தப்பட்டிருக்கவில்லை. இறுதி நிமிடங்களில் நடந்தது என்ன என்பதைக் கூற மனிதரும் இல்லை, இயந்திரமும் இல்லை.

விமானப்படையின் விசாரணைக்குழு பல மாதங்கள் ஆராய்ந்தது. விபத்துக்கான திட்டவட்டமான காரணத்தை அதனால் நிறுவ முடியவில்லை. விமானிகளான ஜொனதன் டெப்பர், ரிச்சர்ட் குக் ஆகிய இருவரும் கவனயீனமாக நடந்துகொண்டனர் என்றும் அக்குழு தீர்மானிக்கவில்லை. ஆனால், அவ்வறிக்கையைப் பரிசீலித்த இரண்டு உயர் வான்படைத் தளபதிகள் 1995ஆம் ஆண்டில் அதனை ஒதுக்கிவிட்டு, இரு விமானிகளும் பாரதூரமான கவனயீனத்துக்குக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தனர். மரணமடைந்த விமானி ஒருவரைக் கவனயீனமானவர் எனக் கூறுவதாயின் எவ்வித ஐயத்துக்கும் சற்றேனும் இடமிருக்கக்கூடாது என்பது அக்காலத்தில் அதே விமானப்படையின் விதியாக இருந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. காரணமே தெரியாத ஒரு விபத்தில் ஐயத்துக்கு இடமில்லை என்று எவ்வாறு கூறமுடிந்தது என்ற கேள்விக்கு இறுதிவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

அந்த ஹெலிகொப்டரின் வரலாற்றைச் சற்று நோக்குவது அவசியமாகின்றது. சினூக் இரண்டாம் வகை ஹெலிகொப்டர்களின் இயந்திரங்கள் கணினி மென்பொருள் ஒன்றினால் கட்டுப்படுத்தப்பட்டன. புதிய வகை விமானங்களைப் பரிசோதிக்கும் பொஸ்கொம்ப் டவுன் நிலையத்தின் நிபுணர்கள், அம்மென்பொருளின் பாதுகாப்பை உறுதிப்படுத்த முடியாதுள்ளதாகவும் அது மீள எழுதப்பட வேண்டும் எனவும் விபத்துக்கு முன்னரே எச்சரித்திருந்தனர். மென்பொருளை ஆராய்ந்த ஒரு நிறுவனம், அதன் ஐந்திலொரு பங்குக்கும் குறைவான பகுதியைப் பார்த்த நிலையிலேயே 485 முரண்பாடுகளைக் கண்டு ஆய்வை நிறுத்திக்கொண்டது. 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தரையில் வைத்துப் பரிசோதிக்கப்பட்ட ஒரு சினூக், இதே கட்டுப்பாட்டு முறைமையில் ஏற்பட்ட கோளாறினால் பலத்த சேதமடைந்திருந்தது. அது தொடர்பில் பிரித்தானிய பாதுகாப்பு அமைச்சே உற்பத்தியாளருக்கு எதிராக வழக்குத் தொடுத்திருந்தது. விபத்து நடந்த காலப்பகுதியில் பொஸ்கொம்ப் டவுன் பரிசோதனை விமானிகள் இவ்வகை ஹெலிகொப்டரில் பறப்பதையே நிறுத்தியிருந்தனர். விபத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், அதாவது 1994 மே 10ஆம் திகதி, இசட்.டி. 576 ஹெலிகொப்டரின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு தாங்கி கழன்றிருந்தமை பராமரிப்பின்போது கண்டறியப்பட்டது.

இவற்றுள் ஏதேனும் ஒன்றுதான் விபத்துக்குக் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை. விமானிகள் தவறிழைத்திருக்கவே முடியாது என்றும் எவரும் நிரூபிக்கவில்லை. ஆனால், பறப்பதற்கு ஏற்றதா என்று பரிசோதகர்களே ஐயுற்ற ஒரு இயந்திரத்தைச் சேவையில் ஈடுபடுத்தி, அதில் நாட்டின் மிக முக்கியமான அதிகாரிகளை ஒன்றாக ஏற்றி அனுப்பத் தீர்மானித்தவர்கள் விசாரணை வளையத்துக்கு வெளியே நின்றனர். விமானத்தை ஓட்டிச் சென்று உயிரிழந்தவர்கள் மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். இங்குதான் அநீதி நிகழ்ந்தது.

இத்தீர்ப்பை மாற்றுவதற்கு விமானிகளின் குடும்பத்தினர் நடத்திய போராட்டம் நீண்டது. 1996ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் நடைபெற்ற மரண விசாரணையில், விமானிகளின் தவறே விபத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று நீதிபதி முடிவுசெய்தார். 2000ஆம் ஆண்டு நவம்பரில் பாராளுமன்றத்தின் அரசாங்க கணக்குகள் குழு தீர்ப்பை இரத்துச்செய்யுமாறு கோரியது. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரபுக்கள் சபையின் தெரிவுக்குழு, தளபதிகளின் தீர்ப்புக்கு நியாயம் இல்லை என ஏகமனதாக அறிவித்தது. பாதுகாப்பு அமைச்சு இவை அனைத்தையும் நிராகரித்தது. விபத்து நிகழ்ந்தபோது பாதுகாப்பு அமைச்சராக இருந்த மல்கம் ரிஃப்கின்ட் கூடப் பின்னாளில் அத்தீர்ப்பு மீளாய்வு செய்யப்பட வேண்டும் என வாதிட்டார். இறுதியில் பிலிப் பிரபு தலைமையிலான சுயாதீன மீளாய்வின் அறிக்கை 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியானது. கவனயீனத் தீர்ப்பு இரத்துச்செய்யப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் லியம் ஃபொக்ஸ் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். தம் பிள்ளைகளின் பெயரில் படிந்த களங்கத்தைத் துடைப்பதற்கு அக்குடும்பங்கள் 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆயினும் விவகாரம் அத்துடன் முடிந்துவிடவில்லை. விமானிகள் குற்றமற்றவர்கள் என்றால், அந்த ஹெலிகொப்டரைச் சேவையில் ஈடுபடுத்த அனுமதித்தவர்களின் பொறுப்பு என்ன என்பதை உயிரிழந்தவர்களின் குடும்பத்தினர் கேட்கத் தொடங்கினர். விபத்துடன் தொடர்புடைய ஆவணங்கள் சில 2094ஆம் ஆண்டு வரை, அதாவது ஒரு நூற்றாண்டுக்கு முத்திரையிடப்பட்டுள்ளன. நீதிபதி ஒருவரின் தலைமையில் விசாரணை நடத்தப்பட வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை நிராகரிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2025ஆம் ஆண்டில் அவர்கள் சட்ட நடவடிக்கையை நாடினர். உயிரிழந்தவர்களின் பிள்ளைகள் முதுமை எய்திய பின்னரும் உண்மை பூட்டிக் கிடக்கும் என்பதே அந்த நூற்றாண்டு முத்திரையின் பொருளாகும்.

பிரித்தானியா இதிலிருந்து உடனடியாகப் பாடம் கற்றுக்கொண்டதாகவும் கூறமுடியாது. 1995ஆம் ஆண்டில் அந்நாடு எட்டு சினூக் மூன்றாம் வகை ஹெலிகொப்டர்களுக்குக் கட்டளையிட்டது. அவை வந்து சேர்ந்தபோது, விமானியறை மென்பொருள் பாதுகாப்பானதா என்பதைச் சரிபார்க்கும் வழி ஒப்பந்தத்தில் உறுதிசெய்யப்பட்டிருக்கவில்லை என்பது தெரியவந்தது. ஆப்கானிஸ்தானில் படையினர் ஹெலிகொப்டர் பற்றாக்குறையினால் அவதியுற்ற காலத்தில், 25 கோடி பவுணுக்கும் அதிகமாகச் செலவிடப்பட்ட இந்த எட்டு ஹெலிகொப்டர்களும் பறக்கத் தகுதியற்றவையாகக் கொட்டகைகளில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. இவ்விடத்தில் ஒன்றைக் கூறியாக வேண்டும். மென்பொருள் சரிபார்க்கப்படாத ஹெலிகொப்டரைப் பறக்கவிடாமல் நிறுத்திவைத்தது இம்முறை சரியான முடிவே. ஆனால், 1994இல் அதே எச்சரிக்கை ஏன் செவிமடுக்கப்படவில்லை என்ற கேள்வியை அது மேலும் கூர்மையாக்குகின்றது.

அமெரிக்காவின் அனுபவமும் இதற்கு ஒப்பானதே. ஹெலிகொப்டரைப் போல் மேலெழுந்து விமானத்தைப் போல் பறக்கும் ஓஸ்பிரே, 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அரிசோனா மாநிலத்தில் வீழ்ந்ததில் 19 கடற்படைப் பிரிவினர் உயிரிழந்தனர். பழி விமானிகளின் மீது விழுந்தது. அவர்களின் மனைவியர் தொடர்ந்து போராடியதன் விளைவாக, 2016ஆம் ஆண்டில்தான் அமெரிக்கப் பிரதிப் பாதுகாப்புச் செயலாளர், விபத்துக்கு விமானிகளைப் பொறுப்பாளிகளாகக் கருதுவது சரியன்று எனத் தெளிவுபடுத்தினார். இங்கும் 16 ஆண்டுகள்! 2000 டிசெம்பரில் மற்றுமொரு ஓஸ்பிரே வீழ்ந்து நால்வர் மாண்டனர். உராய்ந்து தேய்ந்த நீரியல் குழாய் ஒன்றும் மென்பொருள் குறைபாடும் அதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. அடுத்த மாதமே, பராமரிப்புப் பதிவேடுகளில் பொய்யான தகவல்களை எழுதுமாறு பணிக்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டின் பேரில் ஓஸ்பிரே படைப்பிரிவொன்றின் கட்டளை அதிகாரி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். திட்டத்துக்கு அங்கீகாரம் கிடைக்க வேண்டுமாயின் விமானங்கள் பறக்கத் தயாராக இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. ஏட்டில் சுரைக்காய் காய்த்தது, கறிக்கு உதவவில்லை.

பராமரிப்புப் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு பொய் ஏன் இத்துணை ஆபத்தானது என்பதைப் பொதுமக்களும் விளங்கிக்கொள்வது அவசியம். ஹெலிகொப்டரின் இயந்திரம் நின்றுபோனாலும், சுழன்றுகொண்டிருக்கும் விசிறியின் உதவியால் திறமையான விமானி ஒருவர் அதனைத் தரையிறக்க வாய்ப்புண்டு. ஆனால், விசிறியைச் சுழற்றும் கியர் பெட்டியோ விசிறியோ முறிந்தால் மாற்றுவழி எதுவும் இல்லை. ஆகவேதான் அதன் முக்கிய பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணித்தியாலம் என ஆயுள் வரையறுக்கப்பட்டுள்ளது. அந்த மணித்தியாலங்கள் கடந்ததும், பார்வைக்கு நல்ல நிலையில் இருந்தாலும், அப்பாகம் அகற்றப்பட வேண்டும். கியர் பெட்டியின் எண்ணெயில் உலோகத் துகள்கள் சேர்கின்றனவா என்பதைக் காந்த உணரிகள் கவனிக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் கையொப்பமிடுகின்றார். அந்தக் கையொப்பத்தை நம்பியே விமானி ஆசனத்தில் அமர்கின்றார். உதிரிப்பாகம் கிடைக்காமல் ஒரு ஹெலிகொப்டரிலிருந்து கழற்றி இன்னொன்றுக்குப் பொருத்தும் நிலை வரும்போது, எந்தப் பாகம் எத்தனை மணித்தியாலம் உழைத்தது என்ற கணக்கைப் பிழையின்றிப் பேணுவதும் கடினமாகின்றது.

2023ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி ஜப்பானின் யகுஷிமா தீவுக்கு அப்பால் ஓஸ்பிரே ஒன்று கடலில் வீழ்ந்து எட்டு அமெரிக்க விமானப்படையினர் உயிரிழந்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு அமெரிக்காவின் ஓஸ்பிரே விமானங்கள் அனைத்தும் தரையில் நிறுத்தப்பட்டன. 2024இல் வெளியிடப்பட்ட விசாரணை அறிக்கை, கியர் பெட்டியிலிருந்த பற்சில்லு உடைந்ததைக் காரணமாகக் கூறியது. உலோகத் துகள் எச்சரிக்கைகள் பலமுறை கிடைத்த பின்னரும் பறப்பைத் தொடர விமானி எடுத்த முடிவையும் அது மறைக்கவில்லை. இயந்திரத்தின் குறையையும் மனிதரின் தவறையும் ஒரே அறிக்கையில் பகிரங்கமாக எழுத முடியும் என்பதற்கு இது உதாரணமாகும். விமானிகள் ஒருபோதும் தவறிழைப்பதில்லை என்று வாதிடுவது பொறுப்புக்கூறல் அல்ல. தவறு எங்கெங்கு இருந்ததோ அங்கங்கெல்லாம் விரலை நீட்டுவதே பொறுப்புக்கூறலாகும்.

அவ்வாறு விரலை நீட்டிய அறிக்கை ஒன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் கந்தஹார் அருகே பிரித்தானியாவின் நிம்ரொட் விமானம் தீப்பற்றி வீழ்ந்து 14 பேர் உயிரிழந்தனர். அது ஹெலிகொப்டர் அல்ல எனினும் அது பற்றிய விசாரணை இவ்விடயத்தில் ஒரு திருப்புமுனையாகும். சட்டத்தரணியான சார்ள்ஸ் ஹெடன்-கேவ் 2009 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, விமானத்தின் பாதுகாப்பு பற்றிய ஆவணம் தவறுகள் மலிந்ததாகத் தயாரிக்கப்பட்டிருந்ததையும், செலவுக் குறைப்பு நெருக்கடியில் பாதுகாப்புப் பின்தள்ளப்பட்டதையும் வெளிப்படுத்தியது. அமைச்சையும் உற்பத்தி நிறுவனத்தையும் சேர்ந்த உயர் அதிகாரிகள் பெயர் குறிப்பிட்டு விமர்சிக்கப்பட்டனர். அதன் விளைவாகப் படைகளின் விமானங்களைக் கண்காணிக்கும் தனியான இராணுவ வான்போக்குவரத்து அதிகாரசபை 2010இல் நிறுவப்பட்டது. விமானத்தைப் பயன்படுத்துபவரே அது பறக்கத் தகுதியானது எனச் சான்றிதழும் வழங்கும் நிலை மாற வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். பெல் 212 ரக ஹெலிகொப்டர்களின் உற்பத்தி 1998ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய ஹெலிகொப்டர் என்பதனாலேயே அது ஆபத்தானது என்றாகிவிடாது. முறையாகப் பராமரிக்கப்பட்டால் அது பல தசாப்தங்கள் உழைக்கும். ஆனால், வயது ஏற ஏறப் பராமரிப்புச் செலவும் உதிரிப்பாகத் தேவையும் அதிகரிக்கின்றன. அதற்கான நிதி ஒதுக்கப்பட்டதா, செலவிடப்பட்டதா என்பதை அறியும் உரிமை பாராளுமன்றத்துக்கும் வரி செலுத்தும் மக்களுக்கும் உண்டு. பொருளாதார நெருக்கடியின் பாரத்தை இன்னமும் சுமந்துகொண்டிருக்கும் ஒரு நாட்டில் இக்கேள்வியை எழுப்புவது தேசத்துரோகம் ஆகாது.

1944ஆம் ஆண்டின் சிக்காகோ சமவாயம் குடிசார் விமானங்களுக்கு மாத்திரமே பொருந்தும். படைகளின் விமானங்கள் அதற்கு அப்பாற்பட்டவை. எனவே, பயணிகள் விமானமொன்று வீழ்ந்தால் பின்பற்ற வேண்டிய சர்வதேச விசாரணை நியமங்கள், இராணுவ ஹெலிகொப்டர் வீழ்ந்தால் எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு விமானப்படை தனது விமானத்தைத் தானே பராமரித்து, தானே சான்றளித்து, விபத்து நிகழ்ந்ததும் தானே விசாரிப்பதைத் தடுக்க எந்தச் சர்வதேச விதியும் இல்லை. மற்றையவை ஒருபுறமிருக்க, அந்த விசாரணை நேர்மையாகவே நடைபெற்றாலும் அதன் முடிவை மக்கள் நம்புவதற்கு அது போதுமானதல்ல. சுயாதீனமான வான்போக்குவரத்து நிபுணர்களும் சட்டத்துறையினரும் அத்தகைய விசாரணைகளில் இடம்பெற வேண்டும். அறிக்கையில் உண்மையாகவே இராணுவ இரகசியமான பகுதிகளை நீக்கிவிட்டு ஏனையவற்றை வெளியிடுவதில் எவ்விதத் தடையும் இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தேசிய பாதுகாப்பை விதிவிலக்காகக் கொண்டிருந்தாலும், பொதுமக்கள் நலன் மேலோங்கும் இடத்தில் தகவலை மறுக்க முடியாது எனவும் கூறுகின்றது. கியர் பெட்டி எப்போது மாற்றப்பட்டது என்பது எந்த எதிரிக்கும் உதவக்கூடிய இரகசியம் அன்று.

இதைவிட முக்கியமானது கீழ்மட்டத் தொழில்நுட்பவியலாளரின் குரலாகும். இந்த ஹெலிகொப்டர் இன்று பறக்கக்கூடாது என்று ஒரு சாதாரண சார்ஜன்ட் தயக்கமின்றிக் கூறவும், அவ்வாறு கூறியதற்காக அவர் தண்டிக்கப்படாமல் இருக்கவும் வழி வேண்டும். மேலதிகாரியின் கட்டளைக்கும் இயந்திரத்தின் எச்சரிக்கைக்கும் இடையில் சிக்கிய ஒருவர் கட்டளைக்கே பணிவார் என்றால், எத்தனை விதிகள் எழுதப்பட்டாலும் பயனில்லை. பொஸ்கொம்ப் டவுன் நிபுணர்கள் எச்சரித்தனர். ஆனால் அந்த எச்சரிக்கையைக் கேட்க வேண்டிய கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை. துயரத்தின் வேர் அங்குதான் இருந்தது.

வடக்கு, கிழக்கு மக்களின் மனதில் படைகளின் ஹெலிகொப்டர் எழுப்புகின்ற நினைவுகள் இனிமையானவை அல்ல. வானில் அதன் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நாடி ஓடிய தலைமுறை இன்னமும் நம்மிடையே வாழ்கின்றது. அதே ஹெலிகொப்டர் பிற்காலத்தில் வெள்ளம் சூழ்ந்த கிராமங்களுக்கு உணவையும் மருந்தையும் கொண்டுசென்று, கூரைகளில் தவித்தவர்களைத் தூக்கியும் சென்றது. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்ற பேதமின்றி அனர்த்த காலத்தில் அனைவரும் அதன் இரைச்சலை எதிர்பார்த்து வானைப் பார்த்தனர். ஆகவே, அது பறக்கத் தகுதியானதா என்பது படைமுகாமுக்குள் மாத்திரம் அடங்கும் விடயமாகாது. அது நம் எல்லோரது பாதுகாப்புடனும் சம்பந்தப்பட்டது.

இதில் மற்றொரு உண்மையும் அடங்கியுள்ளது. சினூக் விபத்தில் மாண்டவர்கள் அரசுக்கு எதிரானவர்கள் அல்லர். அரசின் நம்பிக்கைக்குரிய அதிகாரிகள். அவர்களின் குடும்பங்களுக்கே உண்மை ஒரு நூற்றாண்டு மறுக்கப்படுமாயின், அரசின் கரங்களில் தம் உறவுகளை இழந்து பதிலுக்காக வீதியோரத்தில் காத்திருக்கும் மக்களுக்கு அந்த உண்மை இலகுவில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பொறுப்புக்கூறல் என்பது தரப்புக்கொரு நீதியாகப் பகுக்கப்படக்கூடிய ஒன்றல்ல. சீருடை அணிந்தவரின் மரணத்துக்குப் பதில் கூறப் பழகிய அரசே, சீருடை அணியாதவரின் மரணத்துக்கும் பதில் கூறும் கட்டாயத்துக்கு உள்ளாகும். இராணுவ ஹெலிகொப்டர் ஒன்றின் பராமரிப்புப் பதிவேடு வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்று சிறுபான்மை மக்களும் உரத்துக் குரல்கொடுக்க வேண்டிய நியாயம் அங்குதான் உள்ளது.

மாதுரு ஓயாவிலும் லுணுவிலவிலும் உயிரிழந்தவர்களின் பெற்றோரும் மனைவி மக்களும் ஓல்டர்குரோவிலிருந்து புறப்பட்டவர்களின் குடும்பங்களைப் போல் மூன்று தசாப்தங்கள் அலைய வேண்டிய நிலை ஏற்படக்கூடாது. ஆராய்ந்து கண்டறிந்தவை எவையோ, அவை சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே பாராளுமன்றத்திலும் மக்கள் முன்னிலையிலும் வைக்கப்பட வேண்டும். விமானி தவறிழைத்திருந்தால் அதைச் சான்றுடன் கூறட்டும். இயந்திரமோ பராமரிப்போ தவறியிருந்தால் அதையும் அதே சான்றுடன் கூறட்டும். இறந்தவரால் எதிர்வாதம் புரிய முடியாது என்பதனால், அவருக்காக வாதாட வேண்டிய கடமை உயிரோடிருப்பவர்களையே சார்ந்ததாகும்.